கன்யன் விளிம்பில் ஒரு தலையாட்டல்

தம்பி,

ஜெனிற்றா உனக்குத் தேத்தண்ணி தந்தபோது அவளுடைய கட்டைவிரல் கோப்பைக்குள் இருந்தது. விளிம்பைத் தொட்டுக்கொண்டு அல்ல, உள்ளே, நகம் மூழ்கும் அளவுக்கு. அப்போதுதான் ஊற்றிய தேத்தண்ணி. நான் அவர்கள் வீட்டுக் குசினி வாசலுக்கு நேரே இருந்ததால் ஆவி பறந்ததையும் கண்டேன். அவள் விரலை எடுக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. நீ கோப்பையை வாங்கிய பிறகு, வேறு யாருடையவோ விரலைத் துடைப்பதுபோல, சாறித் தலைப்பில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எல்லோரும் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். கர்க்லாண்டில் வீட்டுவரி எவ்வளவு என்று அவளுடைய தகப்பன் அப்பாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அந்த விரலை நான் மட்டும்தான் கண்டேன் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது காரில் பின் சீற்றிலிருந்து உன்னைக் கேட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும். "தம்பி, அந்தப் பிள்ளைக்கு விருப்பம்தானே?" கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாய். "அம்மா, நான் கேட்டனான். அவ ஓம் எண்டவ. வேற என்ன வேணும்? செ கொறெக்த், எல்லாம் சரி." எங்கே வைத்துக் கேட்டாய் என்றேன். அவர்களுடைய பேஸ்மென்றில் என்றாய். உங்கள் இரண்டு பேரையும் பத்து நிமிடம் தனியே கதைக்க விட்டார்கள் என்றாய். அந்தப் பத்து நிமிடமும் அவளுடைய சின்னம்மா பேஸ்மென்ற் படிக்கட்டில் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றா. ஒரே தட்டை. நான் மேலே இருந்து பார்த்தேன். ஆனால் அதற்குமேல் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீ எங்களை வில்லரேயில் எங்கள் வீட்டடியில் இறக்கிவிட்டு லொங்குய்யில் உன் வீட்டுக்குப் போய்விட்டாய். நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு படியேறினேன்.

வருகிற ஞாயிறு தேவாலயப் பூசையில் உங்களுடைய முதல் கலியாண ஓலையை வாசிக்கப்போகிறார்கள். நீ இங்கே பிறந்து வளர்ந்தவன், அதை ஒரு சடங்கு என்றுதான் நினைப்பாய். பீடத்தில் நின்று பங்குச் சுவாமி இரண்டு பேருடைய பெயரையும், தாய் தகப்பன் பெயரையும் வாசித்து, இவர்களுக்குள் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்லுவார். மூன்று ஞாயிறு அப்படி. உண்மையில் முதல் ஓலையோடு கதை முடிந்துவிடும். வாசலில் கைகொடுக்கத் தொடங்கிவிடுவார்கள், ரொறொன்ரோவுக்கும் மன்னாருக்கும் போன் போய்விடும். அதற்குப் பிறகு ஒரு பெடியன் மாட்டேன் என்றால் 'ஏதோ சரிவரேல்லை' என்பார்கள். ஒரு பெட்டை மாட்டேன் என்றால் அவளுக்கு வேறெங்கோ ஏதோ இருக்கிறது என்பார்கள். ஆகவே ஜெனிற்றாவுக்கு ஞாயிறு வரைக்கும்தான் நேரம். அதைத்தான் நான் இந்தக் கிழமை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைப் போனில் சொல்ல என்னால் முடியாது. நீ கேட்கும் முதல் கேள்வியிலேயே அடங்கிப்போவேன். எழுதும்போது யாரும் குறுக்கே கதைக்கமாட்டார்கள்.

நான் உன் அப்பாவை முதன்முதலில் கண்டது லாஸ் வேகஸில் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய், உன் சிநேகிதர்களுக்கும் சொல்லுவாய். அங்கே என்ன நடந்தது என்று நான் உனக்குச் சொன்னதில்லை. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பதினான்கு வயதில் பெரியம்மா, என் அக்கா, என்னை மொன்றியலுக்குக் கூப்பிட்டு எடுத்தா. புதிதாக வந்த பிள்ளைகளுக்கான பிரெஞ்சு வகுப்பில் இரண்டு வருடம் இருந்தேன். வாயைத் திறந்தால் பிழையாக வரும் என்ற பயத்தில் திறக்கவே இல்லை. ரீச்சர் கேட்டால் தலையாட்டுவேன். எனக்குப் பதினாறு வயதானபோது அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது, பிள்ளைகளைப் பகலில் விடும் கார்டறியில் இடம் கிடைக்கவில்லை. "நீ வீட்டிலை நிண்டால் எனக்கு உதவியா இருக்கும்" என்று அக்கா சொன்னா. அதற்கும் தலையாட்டினேன். பள்ளிக்கூடம் அப்படித்தான் நின்றது. ஒருவரும் என்னைப் பலவந்தமாக நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில், பிள்ளையின் போத்தலைக் கழுவிக்கொண்டு, மூன்றாம் மாடி யன்னலால் மற்றப் பிள்ளைகள் பையோடு போவதைப் பார்ப்பேன். திரும்பிப் படிக்கவேண்டும் என்ற ஒரே ஆசைதான் எனக்கு இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாத ஆசை மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா அப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் தன் பெரியப்பா வீட்டில் இருந்தார். அமெரிக்காவை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாத நிலை. ஆகவே அவர் இங்கே வர முடியாது, நாங்கள்தான் போகவேண்டும். அவர்கள் வீட்டுக்குப் போனால் பெண்ணைக் கொண்டுபோய்க் காட்டினதுபோல ஆகிவிடும் என்று அக்காவுக்கு ரோசம். அக்காவின் புருசன், அத்தான்தான் வழி கண்டுபிடித்தார். "ரெண்டு பகுதிக்கும் நடுவிலை சந்திப்பம். வேகஸ்! சரிவந்தால் நல்லது, வராட்டி சுற்றுலா போனது. கோயில்லை ஒருத்தருக்கும் தெரியாது." அது நடுவே இல்லை. அவர்களுக்கு நாலு மணித்தியாலக் கார் ஓட்டம், எங்களுக்கு நாள் முழுவதும் விமானம். அத்தானுக்கு வேகஸைப் பார்க்கவேண்டும், அதுதான் விசயம். என்னிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிறாய் என்றுதான் சொன்னார்கள். விமானத்தில், அத்தான் நித்திரையான பிறகு, அக்கா மெதுவாக உண்மையைச் சொன்னா. விமானம் பறந்துகொண்டிருக்கும்போது சொன்னா.

அடுத்த நாள் பகல் பதினொரு மணிக்கு ஹோட்டல் குளியலறையில் அக்கா எனக்குச் சாறி கட்டிவிட்டா. ஊசி குத்தும்போது சொன்னா, "பயப்பிடாதை. நானும் இப்பிடித்தான். ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை, நானும் ஒண்டும் சொல்லேல்லை. இப்ப எனக்கென்ன குறை?" கண்ணாடியில் அவவுடைய முகத்தைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று அவ எதிர்பார்க்கவில்லை. சந்திப்பு கீழே சாப்பாட்டுக் கடையில். அங்கே போவதற்குச் சூதாட்டக் கூடத்துக்குள்ளால்தான் வழி. இருபத்தொரு வயது ஆகாதவர்கள் அந்தப் பாதையில் நிற்கக்கூடாது, நடந்துகொண்டே இருக்கவேண்டும் என்று அங்கே சட்டம். எங்களுக்கு அது தெரியாது. அத்தான் ஒரு மெசினில் 'ஒருதரம், ஒரே ஒருதரம்' என்று குந்திவிட்டார். அக்கா பெரியவனைத் துரத்திக்கொண்டு ஓடினா. நான் இளநீலச் சாறியும் பிளாஸ்ரிக் மல்லிகைப்பூவுமாக, இடுப்பில் சின்னவனோடு, மணியடிக்கிற அந்த மெசின்களுக்கு நடுவே நின்றேன். ஒரு பெரிய காவலாள் வந்து என் வயதைக் கேட்டான். என் அடையாளப் பத்திரம் அக்காவின் கைப்பையில். அவன் மறுபடியும் கேட்டான். எனக்கு இங்கிலிஷில் பத்தொன்பது என்று சொல்லத் தெரியும். சொல்லவில்லை. இவன் என்னைப் பிடித்துக்கொண்டு போனால் நல்லது, சாப்பாட்டுக் கடைக்குப் போகத் தேவையில்லை என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அப்போது ஒரு மெலிந்த மனிதர், அளவு பெரிதான கோட்டோடு, பக்கத்தில் வந்து காவலாளிடம் ஏதோ சொன்னார். அவன் வழி விட்டான். அவர் என்னைப் பார்க்காமலே, "நடவுங்கோ, இஞ்சை நிக்கக்கூடாதாம்" என்றார். அதுதான் உன் அப்பா எனக்குச் சொன்ன முதல் வார்த்தை.

சாப்பாட்டு மேசையில் நான் ஒன்றும் கதைக்கவில்லை. அப்பாவின் பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிள்ளை கதைக்காதோ?" என்று கேட்டா. "கதைப்பாள், கதைப்பாள். வெக்கம்" என்றா அக்கா. "வெக்கம் நல்லதுதான்" என்றா அந்தப் பெரியம்மா. "எங்களிட்டை மருமகள் ஒருத்தி இருக்கிறா, ரேடியோ. நிப்பாட்டச் சுவிச் இல்லை." எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர. அவர் தன் தட்டில் இருந்த இறாலைக் கரண்டியால் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியற்காலை இரண்டு குடும்பமும் ஒரே வானில் கிராண்ட் கன்யனுக்குப் புறப்பட்டோம். வாடகை வான், அத்தான் ஓட்டினார். ஐந்து மணித்தியாலம் பாலைவனம். அப்பாவின் பெரியம்மா றோல்ஸும் கட்லட்டும் செய்து கொண்டுவந்திருந்தா. வான் முழுக்க மீன் வாசம். கன்யனைப் பற்றி உனக்கு நான் என்ன சொல்ல, நீ படங்களில் பார்த்திருப்பாய். நிலம் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று இல்லை. அவ்வளவுதான். நாங்கள் போன இடத்தில் வேலியும் இல்லை. காற்று தள்ளியது. பெரியவர்கள் எல்லோரும் ஒரு மர நிழலில் துணி விரித்து உட்கார்ந்துகொண்டு, "நீங்கள் ரெண்டுபேரும் போய்ப் பாருங்கோவன்" என்றார்கள். நாங்கள் ஒரு முப்பது நாற்பது அடி நடந்து போய் நின்றோம். நான் ஓரடி பின்வாங்கினேன். அது ஆழத்தைப் பார்த்தோ, பக்கத்தில் நின்றவரைப் பார்த்தோ என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அப்பா என்னைக் கேட்டார், தம்பி. நீ கேட்டதுபோலவே கேட்டார். உன்னைவிட நன்றாகவே கேட்டார் என்று நினைக்கிறேன். "என்ரை பேப்பர் பிரச்சினை உங்களுக்குத் தெரியும்தானே. இது சரிவந்தால் நான் கனடாவுக்கு வரலாம். அதுக்காக நீங்கள் ஓம் எண்டு சொல்லக்கூடாது. விருப்பமில்லாட்டி இப்ப சொல்லுங்கோ. எனக்குப் பிடிக்கேல்லை எண்டு நான் போய்ச் சொல்லுறன். பழி என்ரை தலையிலை இருக்கட்டும்." அவருக்கு வேறு வழி எதுவும் இல்லாத நேரம் அது. அந்த நிலையிலும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அத்தான் வீடியோ கமெராவைத் தோளில் வைத்து எங்களை எடுத்துக்கொண்டிருந்தார். சிவப்பு லைற் எரிந்தது. அந்தக் கசெற் மன்னாருக்குப் போகும், அம்மாவும் ஐயாவும் பார்ப்பார்கள் என்று தெரியும். அப்பாவின் பெரியம்மா றோலைக் கடிக்காமல் கையில் பிடித்திருந்தா. அக்கா எங்களைப் பார்க்காமல் சின்னவனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தா, ஆனால் அந்தக் கை அப்படியே நின்றுபோயிருந்தது. அவர்களுக்குப் பின்னால் வான். அந்தப் பாலைவனத்தில் எனக்குத் திரும்பிப் போக அந்த ஒரு வான்தான், அதன் திறப்பு அத்தானின் பொக்கற்றில். மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஐந்து மணித்தியாலம் அதற்குள் அவர்களோடு இருக்கவேண்டும். நான் தலையாட்டினேன். "உண்மையாவோ?" என்று கேட்டார். மறுபடியும் ஆட்டினேன். நீ சின்னவனாக இருக்கும்போது அந்தக் கசெற்றைப் போட்டு, 'அம்மா வெக்கப்படுறா!' என்று கைதட்டுவாயே, அந்த இடம் அதுதான்.

அப்பா கெட்டவர் இல்லை என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருபத்தைந்து வருடமாகப் பேக்கரியில் அதிகாலை வேலைக்குப் போய் வருகிறார், என்னை ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. நானும் அவரோடு மெல்ல மெல்லச் சேர்ந்தேன், அதுவும் உண்மைதான். ஆனால் உனக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஒரு நாள், பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்தின் விளம்பரத் துண்டொன்று தபாலில் வந்தது. போகட்டோ என்று கேட்டேன். அவருக்குப் பெரிய சந்தோசம். "ஏன் இவ்வளவு நாளும் கேக்கேல்லை?" என்றார். எனக்கும் அந்த மகிழ்ச்சியில் வாய் தவறிவிட்டது. "கலியாணத்துக்கு முதலே இதுதான் என்ரை ஆசை. அப்ப எனக்குக் கலியாணமே வேண்டாம் எண்டுதான் இருந்தது" என்றேன். அவர் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலில் போட்டபடி நிமிர்ந்தார். "அண்டைக்கு நான் கேட்டனான்தானே?"

"கேட்டனீங்கள்."

"ரெண்டுதரம் கேட்டனான்."

"ஓம்."

"அப்ப ஏன் தலையாட்டினீர்?" அவர் மற்றச் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். பிறகு சத்தமில்லாமல் கேட்டார், "இந்த எட்டு வருசமும் நீர் ஓம் எண்டு சொன்னதெல்லாம் அப்பிடித்தானோ?" இல்லை என்று சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் என் 'இல்லை'யை அவர் எதை வைத்து நம்புவார்? அன்றைக்கு முதல்முறையாக வேலைக்குப் பிந்திப் போனார்.

அதற்குப் பிறகுதான் இந்த வீட்டில் எல்லாவற்றையும் அப்பா இரண்டுதரம் கேட்கத் தொடங்கினார். உப்புக் காணுமோ, காணுமோ. யன்னலைச் சாத்தட்டோ, சாத்தட்டோ. 'அப்பாவுக்குக் காது அடைச்சிட்டுது' என்று நீ பகிடி பண்ணுவாய். காது நன்றாகத்தான் இருக்கிறது. நான் சொல்லும் ஓம் எந்த ஓம் என்று அவருக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கிறார். பதினெட்டு வருடமாகக் கேட்கிறார். நான் அன்றைக்கு எனக்கு மட்டும் பிழை செய்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மனிதர் மனச்சாட்சியோடு கேட்டார், நான் அவருக்குப் பொய்யைக் கொடுத்து அனுப்பினேன். அவர் அதை நல்ல காசு என்று நம்பி எட்டு வருடம் வைத்திருந்தார். ஆகவே ஜெனிற்றாவுக்காக மட்டும் இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. உனக்காகவும்தான். நீ வீட்டில் இரண்டுதரம் கேட்டுக்கொண்டு திரிவதை நான் பார்க்க விரும்பவில்லை.

அந்த விரலுக்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் இருக்கலாம். ஒரு பதற்றத்தில் தெரியாமல் வைத்திருக்கலாம். உன்னை உண்மையிலேயே விரும்பியிருக்கலாம், யார் விரும்பமாட்டார்கள்? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, அதைத்தான் சொல்கிறேன். நீ கேட்டாய், சரி. ஆனால் கேட்டால் மட்டும் போதாது, எங்கே நின்று கேட்கிறோம் என்று பார்க்கவேண்டும். அவளுடைய வீட்டில் கேட்காதே, உன் காரில் கேட்காதே, கோயில் வாசலில் கேட்காதே. மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் எழும்பித் தன்பாட்டில் பஸ்ஸிலோ மெத்ரோவிலோ வீட்டுக்குப் போகக்கூடிய இடத்தில் கேள். போன பிறகு வீட்டில் அவளிடம் யாரும் ஒன்றும் கேட்காத மாதிரி, என்ன பதில் வந்தாலும் அதை நீ போய்ச் சொல். உடனே பதில் சொல்லவேண்டாம் என்றும் சொல். அவள் தலையாட்டினால் அதைப் பதிலாக எடுக்காதே. வாயால் சொல்லும்வரைக்கும் காத்திரு, அவள் அழுதாலும் அவசரப்படுத்தாதே. அவள் வேண்டாம் என்றால் உனக்கு நோகும். எனக்குத் தெரியும் அவளை உனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று, கர்க்லாண்டுக்குப் போக மூன்று சேட் மாற்றினாய் நீ. அந்த நோவை நான் உனக்குத் தரப்போகிறேனோ என்று நினைத்து நாலு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் விரலைப் பற்றிச் சொன்னேன். செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் ரீவியை நிறுத்தினார். "நீர் கண்டனீரோ?" "ஓம்." வழக்கம்போல இரண்டாம்தரமும் கேட்டார். "உண்மையாவோ?" "கண்டனான். நகம் உள்ளுக்கை." "தம்பி கோவிப்பான்" என்றார். "கோவிக்கட்டும்" என்றேன். அவர் என்னை ஒரு புது மனுசியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அப்ப ஏன் இன்னும் இஞ்சை இருக்கிறீர்?" என்றார்.

இன்றைக்கு வியாழன். காலையில் மெத்ரோ எடுத்துப் பிறகு பஸ் எடுத்துக் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். தனியே அங்கே போனது இதுதான் முதல்தரம். சுவாமி ஞாயிற்றுக்கிழமை அறிவித்தல் தாளை மேசையில் வைத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பெயர்கள் கீழ்ப்பாதியில் இருந்தன. "சுவாமி, இதை இந்தக் கிழமை வாசிக்கவேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தடை, அம்மா?" "தடை இருக்கோ இல்லையோ எண்டு தெரியாது சுவாமி. பிள்ளையை ஒருத்தரும் ஒழுங்காக் கேக்கேல்லை." "உங்கடை மகனுக்குத் தெரியுமோ?" "இண்டைக்கு எழுதப்போறன்." "பெண் வீட்டுக்காரர் என்னோடை சண்டைக்கு வருவினம்." "என்னட்டை அனுப்புங்கோ" என்றேன். அவர் யோசித்தார். கலியாணத்துக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது, பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து சொன்னால் அடுத்த ஞாயிறு போடலாம், ஆனால் இதை எடுப்பது உங்கள் பொறுப்பு, நான் எடுக்கமாட்டேன் என்றார். தாளை என் பக்கம் திருப்பி, பேனையை மேலே வைத்தார்.

நான் கையுறையைக் கழற்றிவிட்டு, உன் பெயரையும் அவளுடைய பெயரையும் வெட்டினேன்.